இரண்டு எண்கள் சேர்ந்து எரிந்த குழாய்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் அண்ணி கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் பல் தேய்க்கும் பிரஷ், கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் மடித்து விரித்த துண்டு. ஒவ்வொரு குழாயும் கட்டைவிரல் பருமன் இருக்கும். அடியில் கம்பிகள் கரப்பான் மீசை போல விறைத்துக்கொண்டு நின்றன. கழுவியதை வாங்கித் துடைக்கும் வேலையை என் வீட்டுக்காரர் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைக்கூட அண்ணி அவருக்கு முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.

"கம்பியைத் துடைக்காதடா, வளைஞ்சிரும். கண்ணாடியை மட்டும் துடை."

"கண்ணாடியைத்தான் துடைக்கிறேன்."

"துடைக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?"

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்கு நேர் மேல் மாடியில் குடியிருக்கிறார். அங்கேயும் தொட்டி உண்டு, தண்ணீரும் வரும். ஆனாலும் தம்பி வாங்கி வந்த பொருளைத் தம்பி கண்ணெதிரே கழுவினால்தான் அவருக்குத் திருப்தி. அவர் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் மேல் இருக்கிற மனிதர். ஆகவே அதட்டுவதற்கு அண்ணிக்குக் கைவசம் இருந்தது தம்பி ஒருவர்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பழைய கருவிகளை வாங்கி விற்கும் கடையில் பாதிப் பங்கு. மூடிய ஆய்வுக்கூடம், இடம் மாறும் ஆஸ்பத்திரி, ஆட்டம் முடிந்துபோன தொழிற்சாலை என்று எங்கே ஏலம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். கூட்டாளி கடையில் உட்கார்ந்து விற்பார், இவர் சுற்றித் திரிந்து வாங்குவார். இவருக்கு அந்தச் சுற்றல்தான் உயிர். தூசு படிந்த கிடங்கில் ஒரு பெட்டியின் மூடியைத் திறக்கும் நேரத்தில் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று எடுத்த படத்தில்கூட அந்தக் களை கிடையாது. இதைச் சொல்லிக்காட்ட எனக்குக் கிடைத்த வாய்ப்பு எதையும் நான் தவறவிட்டதில்லை.

ஆனால் கொஞ்ச காலமாக இவர் வாங்கியது எதுவும் போணியாகவில்லை. வாங்கி வந்ததில் மின்சாரம் ஓடுகிற பொருள் எதுவானாலும் அண்ணிதான் பார்த்துச் சொல்வார். அண்ணி உதட்டைப் பிதுக்கினால் அது பரணுக்குப் போகும். பரண் நிறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கூட்டாளி, சத்தம் போடாத மனிதர், டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். "இந்தக் குழாய்ப் பெட்டியையும் பார்த்துருவோம். இதுவும் தேறலேன்னா இனிமே நான் வெளியில போறேன். நீ கல்லாவுல உக்காரு. உனக்கும் வயசாகுதுல்ல, நிழலுக்கு வா."

நிழல் என்ற சொல் இவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

குழாய்கள் துண்டின் மேல் வரிசையாகக் காய்ந்தன. இவற்றை நிக்ஸி குழாய் என்பார்கள். கைக்கடிகாரத்தில்கூட எண்கள் ஒளிர்கிற இந்தக் காலத்துக்கு முன்னால், அளவுக் கருவிகளில் எண் காட்டியவை இவைதான். உள்ளே மெல்லிய தகட்டில் வெட்டிய எண்கள், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் ஒரு பொடிக் கம்பி வலை. வலை நேர்முனை, எண்கள் ஒவ்வொன்றும் ஓர் எதிர்முனை. வலைக்கும் ஏதாவது ஓர் எண்ணுக்கும் மின்சாரம் கொடுத்தால் அந்த எண்ணைச் சுற்றியிருக்கும் வாயு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மற்ற ஒன்பதும் இருட்டில் கைகட்டி நிற்கும். இப்போது இவற்றில் கடிகாரம் செய்து மேசை மேல் வைத்துக்கொள்ள ஒரு கூட்டம் அலைகிறது. நல்ல குழாய் என்றால் கேட்ட விலை கொடுப்பார்கள்.

அண்ணி தம்முடைய சோதனைப் பலகையை மாடியிலிருந்து எடுத்து வந்தார். மரப்பலகை, அதில் ஒரு பழைய மின்மாற்றி, நான்கைந்து சுவிட்சு, முதலை வாய்க் கிளிப்புகள். தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். பலகையில் வேலை செய்யும்போது அண்ணி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒற்றைக் கையால் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகாதாம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி போல இருக்கும்.

வலைக்குப் போகிற கம்பிகளைச் சேர்த்து முறுக்கி ஒரு கிளிப்பில் மாட்டினார். அடுத்த கிளிப்பை ஓர் எண்ணின் கம்பியில் வைத்தார். சுவிட்சைத் தட்டினார்.

குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிக்கல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் 2. அதன் மேலேயே 3.

"என்னக்கா இது?"

"இரட்டைப் பிள்ளை." கிளிப்பை அடுத்த கம்பிக்கு மாற்றினார். 4 எரிந்தது, கூடவே 5. அடுத்ததில் 6, கூடவே 7. வேறு குழாயை எடுத்தார். அதே கதை. இன்னொன்று. அதே கதை.

அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "பாரு. வலை முன்னாடி இருக்கணும். இதுல நட்டநடுவுல ஒண்ணு கிடக்கு. நழுவிப் போயிருக்கு. உள்ள பக்கத்து பக்கத்து எண்ணெல்லாம் ஒட்டிக் கிடக்கு. ஆலையிலேயே கழிச்சுப் போட்ட மால். அதைத்தான் துரை ஏலத்துல எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"எல்லாக் குழாயும் ஒரே மாதிரியாக்கா தப்பா இருக்கும்?"

"ஏன் இருக்கக் கூடாது? நம்ம குடும்பத்தை எடுத்துக்கோ. அப்பாலேருந்து நீ வரைக்கும் ஒரே தப்பு. அதுக்காக அது சரின்னு ஆயிடுமா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மத்தியானம் கூட்டாளி வந்தபோது அண்ணி அவரிடமும் அதையே சொன்னார், இன்னும் சுருக்கமாக. "கண்ணாடி வியாபாரிக்குக் குடுத்துடுங்க." கூட்டாளி என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிவிட்டு, கல்லாப்பெட்டிச் சாவியை மேசை மேல் வைத்தார். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை கண்ணாடி வியாபாரியின் வண்டி வரும். அதுவரை காலி பாட்டில்களுக்குப் பக்கத்தில் அது இருக்கும் என்று ஏற்பாடு.

கூட்டாளி அண்ணியின் பேச்சை அப்படி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

அண்ணிக்குப் பிழைப்பு பல் கட்டுவது. பல் வைத்தியருக்கு உதவுவதல்ல, அவருடைய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அச்சும் மெழுகும் பீங்கானுமாக உட்கார்ந்து பல்செட் செய்கிற வேலை. ஆளைப் பார்த்தால் முதலில் வாயைத்தான் பார்ப்பார், பிறகுதான் கண். பேருந்தில் எதிரே யாராவது கொட்டாவி விட்டால் என்னை முழங்கையால் இடித்து, "மேல் வரிசை முழுக்க என்னோடது" என்பார். பெயர் நினைவிருக்காது, பல் நினைவிருக்கும். தெருவில் அவருக்குப் பல்லுக்காரம்மா என்றுதான் பெயர். செட் கடிக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "அது கடிக்கத்தானே செஞ்சு குடுத்தேன்" என்பார். பிறகு எதுவும் சொல்லாமல் வாங்கி, ராவி, மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பார். வந்தவர் புன்னகையோடு போவார். அண்ணி தவறு செய்தாரா, அவர் வாய்தான் தவறா என்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

குழாய்ப் பழக்கமும் அங்கே ஒட்டியதுதான். பீங்கான் பல்லைச் சுடுகிற உலை ஒன்று அந்தப் பின்கட்டில் இருந்தது. சூட்டைக் காட்ட அதில் இந்த நிக்ஸி குழாய்கள். ஒரு நாள் அதில் ஒன்று கண்ணை மூடிவிட்டது. எண்ணூறு டிகிரியா தொள்ளாயிரம் டிகிரியா என்று தெரியாமல் ஒரு கிழவருக்கான முன்பல் கருகிக் கரியானது. மெக்கானிக் வர ஒரு வாரம் என்றார்கள். அண்ணி ஒரு வாரமெல்லாம் பொறுக்கிற பிறவி அல்ல. மூடியைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு உள்ளே பார்த்ததில் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

முதலில் அவருக்கு வியப்பாக இருந்தது எண்கள் நிற்கும் வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக நிற்கவில்லை. கண்டபடி கலைந்து நின்றன. பல நாள் பார்த்துப் பார்த்து அண்ணி பிடித்துவிட்டார். குடும்பப் படம் எடுக்கிறவன் குண்டானவர்களை முன்னால் நிறுத்த மாட்டான் அல்லவா, அது போல ஒன்றை ஒன்று குறைவாக மறைக்கிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த கண்டுபிடிப்புதான் கடையில் அவர் கொடியை ஏற்றியது. கூட்டாளி விற்ற ஒரு தொகுதிக் குழாய்களில் 5 கோணலாக இருக்கிறது, போலி என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அண்ணி ஒன்றை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். "இது அஞ்சே இல்ல. ரெண்டைத் தலைகீழா நிறுத்தியிருக்கான். ரெண்டு வெட்டின அச்சு இருக்கு, அஞ்சுக்குத் தனியா எதுக்குன்னு விட்டுட்டான். போலி இல்ல, கஞ்சத்தனம்." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே கூட்டாளி மிச்சத்தை இன்னும் கூடுதல் விலைக்கு விற்றார். அன்றிலிருந்து அண்ணி சொன்னால் சொன்னதுதான்.

என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை கல்லாவில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே மின்விசிறி, கீழே மெத்தை போட்ட நாற்காலி, எதிரே தெரு.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. தூசி இல்ல. லாரி பிடிக்க ஓட வேண்டாம். இப்படியே ஒரு மாசம் உக்காந்தா நானே விலைச்சீட்டு ஒட்டி அலமாரியில ஏறிக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டார். சாயங்காலம் கூட்டாளி ஏலத்திலிருந்து வந்து, வாங்கிய சாமான்களை இறக்கினாராம். இவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறக்கப் பார்க்க, "உக்காரு, உக்காரு, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த அன்புதான் இவரைக் கொன்றது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டுக்கு வந்ததும் நேராகப் படுக்கப் போனார். மாடியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தால், "தூங்கிட்டேன்னு சொல்லு" என்று என்னிடம் சொன்னார், கண்ணை விழித்துக்கொண்டே.

"என்னவாம் துரைக்கு?" என்று அண்ணி படியில் நின்று கேட்டார்.

"தூங்கிட்டாராம்."

"தூங்கினவன் சொல்லி அனுப்பினானா?"

அண்ணி படியில் கொஞ்ச நேரம் நின்றார். "எல்லாம் ஒரே மாதிரி தப்பா இருக்குமான்னு கேட்டான்ல," என்றார் கைப்பிடிச் சுவரிடம். பிறகு மேலே போய்விட்டார்.

வியாழக்கிழமை நடந்ததை எனக்குச் சொன்னவர் அண்ணியோடு வேலை செய்கிற பீங்கான்காரர். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டுகிற மனிதர். ஊரில் உள்ள பல் எல்லாம் அவருக்கு மஞ்சளின் பல வகைகள். அண்ணி அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து வைத்திருந்திருக்கிறார், கழிவு மால் எப்படி இருக்கும் என்று பின்கட்டில் காட்ட. பல்செட்டின் கம்பிக் கொக்கியைப் பற்றவைத்த பிறகு பார்க்கிற உருப்பெருக்கி விளக்கு ஒன்று அங்கே உண்டு. அதன் கீழே குழாயைப் பிடித்து, "இங்க பாருங்க, எவன் வெல்டிங் பண்ணினானோ, எண்ணோட எண்ணை ஒட்ட வச்சிருக்கான்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டாராம்.

"என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார் பீங்கான்காரர்.

"ஒட்டலை."

"அப்புறம்?"

"கம்பி போட்டு இணைச்சிருக்கான். ரெண்டுலேருந்து மூணுக்கு ஒரு கம்பி. இங்க ஒரு வளைவு, இங்க ஒரு வளைவு. நடுவுல இருக்கற வலையில படாம ஒதுக்கிக் கொண்டுபோயிருக்கான்." குழாயைத் திருப்பினார். "நாலுக்கும் அஞ்சுக்கும் அதே வளைவு."

கொக்கிக் கம்பி வளைக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். தெரியாமல் ஒட்டிக்கொண்டது அசிங்கமாகத்தான் இருக்கும். சொட்டு விழும், பிசிறு நிற்கும், ஒன்று போல இன்னொன்று இராது. இங்கே ஒவ்வொரு கம்பியும் அளந்து வளைத்தது போல இருந்தது. இவ்வளவு பொறுமையாக யாரும் தப்பு செய்ய மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி குழாயைப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு தகடாகப் பார்த்திருக்கிறார். கைவேலையில் ஒருவருடைய பல்செட் மெழுகோடு காத்துக்கொண்டிருந்தது, அது காத்தே கிடந்தது. முன்னால் ஒரு வலை. அதற்குப் பின்னால் இரட்டைப்படை எண்கள் மட்டும். பிறகு அந்த நடு வலை. அது நழுவவில்லை. பீங்கான் வளையங்களில் தனக்கென்று கால் ஊன்றி நேராக நின்றது. அதற்கும் பின்னால் ஒற்றைப்படை எண்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், அண்ணி அதுவரை கவனித்தே இராத இன்னொரு வலை.

"இது ஒரு செட் இல்ல," என்றாராம் பீங்கான்காரரிடம். "மேல் செட்டு ஒண்ணு, கீழ் செட்டு ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி வலை. நடுவுல தடுப்பு. நான் மூணு வலைக் கம்பியையும் சேர்த்து முறுக்கிட்டேன்."

"ஏன் முறுக்கினீங்க?"

"நம்ம உலைக் குழாய்ல வலைக்கு ரெண்டு கம்பி வரும். ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அந்தப் பழக்கம்."

உலையின் மின்சாரப் பெட்டியிலிருந்து இணைப்பு எடுத்து, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன் வலைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார். 2 எரிந்தது. பின்னால் 3 லேசாகப் புகைந்தது போல இருந்தது. நடு வலைக்கும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்ததும் அதுவும் அடங்கிவிட்டது. சுத்தமான, தனியான 2. பிறகு பின் வலைக்கு மாற்றினார். 2 அணைந்தது, அதன் இடத்தில் 3. பீங்கான்காரர் சொன்னார், "நான் எத்தனையோ நிறம் கலக்கியிருக்கேன்மா. அப்படி ஒரு ஆரஞ்சு நிறம் எனக்கு வந்ததில்ல. அதைவிட உங்க நாத்தனார் முகத்துல வந்த நிறம் இருக்கே, அதையும் நான் கலந்ததில்ல."

மேலங்கியில் பிளாஸ்டர் தூள் அப்படியே இருக்க, அண்ணி நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் அப்போது கடையில் இல்லை. விற்ற சாமான் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க கூட்டாளி அவரை அனுப்பியிருந்தார். கல்லாவில் கூட்டாளிதான் இருந்தார்.

"பெட்டி எங்க?"

"பாட்டில் பக்கத்துல. ஏன்?"

"எடுங்க. பாட்டில் மேல வைக்காதீங்க, நெஞ்சு பதறுது."

கடையில் கிடந்த மின்மாற்றி ஒன்றில் மாட்டி எரித்துக் காட்டினார். கூட்டாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்று விளங்கவில்லை. "ரெண்டு ரெண்டா எரியுதுன்னீங்களே?"

"அஞ்சு கதவு இருக்கற கட்டடம்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கதவுக்குள்ளயும் கீழ ஒரு வீடு, மாடியில ஒரு வீடு. பத்து வீட்டுக்கு அஞ்சு கதவு போதும். கீழ் வீடா மேல் வீடான்னு வலை சொல்லும். பத்துக் கம்பி இழுக்க வேண்டிய இடத்துல பாதியா குறைச்சிருக்கான். நான் கீழ் சுவிட்சையும் மேல் சுவிட்சையும் சேர்த்துக் கட்டி வச்சுட்டு, ரெண்டு வீட்டுலயும் வெளிச்சம் வருதே, கட்டடம் பழுதுன்னு கத்தியிருக்கேன்."

"அப்ப மால் நல்ல மால்."

"சாதாரண மால் இல்ல. இந்த அமைப்பைத் தேடிக்கிட்டு எவன் எவனோ அலைவான். தம்பி சரியாத்தான் வாங்கியிருக்கான்."

கூட்டாளி பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினாராம். பிறகு, "நான் நேத்து ஏலத்துல ஒரு தட்டச்சு இயந்திரம் எடுத்தேன்ல," என்றாராம். "வீட்டுக்கு வந்து பார்த்தா உள்ள எலி குடும்பம் நடத்துது. வெளிவேலை எனக்கு ஆகலை. முதுகு வேற. அவனையே போகச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"பழுதுன்னு சொன்னது நீங்க. நல்லதுன்னும் நீங்களே சொன்னாத்தான் சரியா இருக்கும்."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். மேசை முன்னால் உட்கார்ந்து, கைப்பிடி ஆடுகிற எங்கள் கெட்டிலுக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கதவைத் தட்டாமல் வந்தார். அது வழக்கம்தான். வந்ததும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அது வழக்கமில்லை. ஒரு கக்கத்தில் சோதனைப் பலகை, கையில் ஒரு குழாய்.

"நான் தூங்கிட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர் திரும்பாமல்.

"தெரியுது. கெட்டிலைத் தள்ளி வை."

பலகையை மேசையில் வைத்துச் செருகினார். விளக்கை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். 2 எரிந்தது. தனியாக. என் வீட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு 3. தனியாக. பிறகு 4, 5, 6. அண்ணி ஒவ்வொன்றாகப் பூஜ்யம் வரை சுற்றிக் காட்டினார். இருட்டில் மூன்று பேர் முகமும் ஆரஞ்சாகத் தெரிந்தது.

"வேற பெட்டியா?"

"அதே பெட்டி." அண்ணி தொண்டையைச் செருமினார். "பெட்டி நல்ல பெட்டி. வாங்கினது சரி. கட்டினதுதான் தப்பு. நான் தப்பாக் கட்டிட்டேன்."

இந்த வீட்டுக்கு வந்த நாளாக அண்ணி வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல், மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டார். பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு சுவிட்சைத் தொடப் போனார். "ஒரு கையைப் பின்னாடி கட்டுடா" என்றார் அண்ணி. கட்டிக்கொண்டார். 7. 6. 7. 6. கிடங்கில் பெட்டி திறக்கிற அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அண்ணி இரண்டு வலை, நடுத் தடுப்பு, வளைத்த கம்பி எல்லாவற்றையும் விளக்கினார். இவர் கேட்டுக்கொண்டே, "அட, படுபாவி" என்றார் இரண்டு முறை. குழாயைச் செய்தவனைத்தான்.

"கூட்டாளிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன். நாளைக்கு ஏதோ ஏலமாமே, உன்னையே போகச் சொன்னார். அவருக்கு எலி சரிப்படலையாம்."

"எலியா?"

"அவர்கிட்டயே கேட்டுக்கோ."

நான் விளக்கைப் போட்டேன். டீ வைக்கக் கெட்டிலை எடுத்தேன், கைப்பிடி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து இரண்டு முறை அறைக்குள் நடந்தார். ஜன்னலுக்குப் போனார், வந்தார். எந்தச் சட்டை துவைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டார். மறுநாளைக்குத்தான். மூன்று நாளாகக் காணாத பசி வந்துவிட்டது போலிருக்கிறது, டப்பாவைத் திறந்து ரொட்டியை நின்றபடியே தின்றார். அண்ணி நாற்காலியில் சாய்ந்து, தாமே ஏலத்துக்குப் போகப்போகிறவர் போலத் தோரணையாகக் கால் நீட்டிக்கொண்டார்.

"போறப்ப எல்லாத்தையும் அள்ளிட்டு வராத. பார்த்து எடு."

"சரிக்கா."

"அடியில என்ன இருக்குன்னு பார்க்காம கை தூக்காத."

"சரிக்கா." ரொட்டியை மென்றுகொண்டே பலகையைப் பார்த்தார். மெல்லுவது நின்றது. மின்மாற்றியை, சுவிட்சுகளை, முறுக்கியிருந்த தடம் இன்னும் மாறாத அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அக்கா."

"என்ன?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார். "இதுக்கு முன்னாடி நான் வாங்கிட்டு வந்ததையும் இதே பலகையில மாட்டித்தான பார்த்த? பரண் மேல கிடக்குதே அவ்வளவும், அதெல்லாம் நெஜமாவே பழுதா?"

அண்ணி நீட்டியிருந்த காலை மடக்கினார். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரைக் கை முட்டியில் ஒழுங்காகச் சுற்றினார். குழாயைத் துணியில் பொதிந்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீ கொதிக்கிறதே அண்ணி என்று நான் சொன்னதையும் காதில் வாங்காமல், கதவைத் தாமே திறந்து, தாமே சாத்திக்கொண்டு போனார்.